போனைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது, தமிழ் கீபோர்டைப் பழகுவது எப்படி?

போன மாதம் அம்மாவுக்குப் போன் வாங்க ராமநாதபுரம் போயிருந்தோம். அரண்மனைப் பக்கம் ஒரு கடை. கடையில் இருந்த தம்பி கேமரா எத்தனை மெகாபிக்சல், ராம் எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை நேரம் நிற்கும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, இதுல நண்டுன்னு எப்படி எழுதுறது, அதைக் காட்டுங்க" என்றார். அந்தத் தம்பி தேடித் தேடிப் பார்த்து, தமிழ் கீபோர்டைக் கண்டுபிடித்து அந்த ஒரு வார்த்தையை அடித்து முடிக்க மூன்று நாலு நிமிஷம் ஆனது.

போன் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே அம்மா கேட்டதுதான் என்று நினைக்கிறேன். படம் எடுப்பது ஒரு நாளைக்கு நாலு தடவை. கையில் பிடித்து எழுதுவது நாற்பது தடவை.

அம்மா பாம்பனில் நண்டும் கருவாடும் வாங்கி விற்கிறார். முன்பெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார், ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கரையில் நின்று பேசினால் அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும், ஏலம் நடக்கிற இடத்தில் அதுவும் கேட்காது. அதனால் எழுத ஆரம்பித்தார். பழைய போனில் ஒருநாள் "நண்டு 9 கிலோ" என்று அடிக்கப்போய் பெருவிரல் பக்கத்துப் பூஜ்யத்திலும் பட்டு "90 கிலோ" என்று போய்விட்டது. அன்றைக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இதை உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. பட்டன் போனிலிருந்து இப்போதுதான் டச் போனுக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன்

உங்கள் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தக் கையில் போன் பிடிக்கிறீர்கள்? ஒரே கையில் பிடித்து அதே பெருவிரலால் எழுதுகிறீர்களா, இல்லை ஒரு கையில் பிடித்து மறு கையின் ஆள்காட்டி விரலால் குத்துகிறீர்களா? இறால் உரிப்பவர்கள், வலை பின்னுபவர்கள், பாசி எடுப்பவர்களுக்கு விரல் நுனித் தோல் காய்த்தோ தேய்ந்தோ இருக்கும். அவர்களுக்குக் கைரேகை லாக் அடிக்கடி ஏமாற்றும், டச்சும் சில நேரம் மந்தமாக இருக்கும். விரல் பட்டதும் திரையின் மின்னூட்டத்தில் வரும் மெல்லிய மாற்றத்தை வைத்துத்தான் டச் திரை தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது, தோல் வறண்டு காய்த்திருந்தால் அது சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வாங்கப்போகும் போனின் செட்டிங்கில் டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். தடித்த டெம்பர்டு கிளாஸும் ஒட்ட வேண்டாம், அதுவும் டச்சைக் குறைக்கும்.

படி 2: கையில் பிடித்துப் பார்ப்பது

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் திருட்டுக்குப் பயந்து ஒயர் ஒட்டியிருந்தால் எடை சரியாகத் தெரியாது, அதைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

இப்போது வரும் போன்கள் பெரும்பாலும் 6.5 முதல் 6.8 இஞ்ச் வரை இருக்கின்றன, எடை 180 கிராமிலிருந்து 220 கிராம் வரை. இஞ்ச் கூடினால் கீபோர்டும் பெரிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது. பழைய 5.5 இஞ்ச் போனின் திரை அகலம் சுமார் 6.8 சென்டிமீட்டர், இப்போதைய நீளமான 6.7 இஞ்ச் போனின் திரை அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர்தான். வளர்ந்தது எல்லாம் உயரத்தில், ஆனால் கீபோர்டின் விசைகள் அகலத்தில்தான் இடம் பிடிக்க வேண்டும். ஒரு வரிசையில் 10 விசை என்றால் ஒன்றுக்கு 7 மில்லிமீட்டர் கிடைக்கும், தமிழில் வரிசைக்கு அதைவிடக் கூடுதல் விசை வந்தால் இன்னும் குறுகும். ஆகவே "பெரிய போனா வாங்கினா எழுத வசதியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். வலது கையில் போனைப் பிடியுங்கள், சுண்டுவிரலைக் கீழே முட்டுக்கொடுக்காமல். பெருவிரலால் கீபோர்டின் இடது ஓரத்து மேல் விசையைத் தொடுங்கள். தொடும்போது போன் கையில் வழுக்கி ஒருக்களித்தால் அது உங்கள் கைக்கு அகலம். இடது கைக்காரர்கள் வலது ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருங்கள், மணிக்கட்டில் இழுப்பு தெரிந்தால் எடை கூடுதல்.

அப்புறம் பின்பக்கம். பளபளக்கும் கண்ணாடி முதுகு பார்க்க அழகுதான், ஆனால் மீன் பிசுக்கும் வியர்வையும் பட்ட கையில் அது நிற்காது. சொரசொரப்பான பிளாஸ்டிக் முதுகுதான் நம் பக்கத்துக்குச் சரி. ஓரம் வளைந்த திரை வேண்டவே வேண்டாம் என்பேன், பிடிக்கும்போதே உள்ளங்கைச் சதை ஓரத்து விசையில் பட்டு எழுத்து விழும். கேமரா மேடு உயரமாக இருக்கும் போனை மேஜையில் வைத்து ஒரு விரலால் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டுமரம் மாதிரி ஆடும். கவர் போட்டால் அந்த மேடு சமமாகிவிடும் என்பதால் இதற்காக மட்டும் ஒரு போனை ஒதுக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். டியூப் லைட்டில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். மதியம் 12 மணிக்கு மண்டபம் கரையில் நின்று எழுத்து தெரிகிறதா என்பதுதான் நமக்குத் தேவை.

படி 3: உப்பும் ஈரமும்

பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்று அர்த்தம். நல்ல தண்ணீரில். கடல் தண்ணீரை வைத்து அந்தச் சோதனை செய்வதில்லை, இதை வத்தையில் (சின்னப் படகில்) போகிறவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் உடனே போனை அணைத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்க நிழலில் காய வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் துளைக்குள் இருக்கும் பித்தளை நிறக் கம்பிகள் பச்சை பூத்து அரித்துப் போகும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தூளும் தவிடும் துளைக்குள் போய்விடும்.

திரையில் தண்ணீர்த் துளி நின்றாலே போன் அதை விரல் என்று நினைத்துத் தானாக எழுதும். துடைத்துவிட்டு எழுதுங்கள், போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

படி 4: தமிழ் கீபோர்டைச் சேர்ப்பது

ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டு இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதும் இடத்தைத் தொட்டால் கீபோர்டு மேலே வரும், அதன் மேல் வரிசையில் பல்சக்கரம் போல ஒரு படம் இருக்கும், இல்லையென்றால் மெனுவைத் திறந்தால் உள்ளே இருக்கும். அதைத் தொட்டு, மொழிகள், பிறகு கீபோர்டைச் சேர், பிறகு தமிழ். இங்கேதான் எந்த முறை என்று கேட்கும். தமிழ் எழுத்துகளே விசையில் தெரிகிற முறை ஒன்று, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற முறை ஒன்று, விரலால் கிறுக்கினால் எழுத்தாக மாறுகிற முறையும் உண்டு. சேர்த்த பிறகு ஸ்பேஸ் பக்கத்தில் இருக்கும் உருண்டைப் படத்தைத் தொட்டால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறை சீக்கிரம் பிடிபடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் எழுதுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அம்மாவுக்கு ஆங்கில எழுத்தே சரளம் கிடையாது, "நண்டு"க்கு எந்த ண என்று மனதில் தெளிவாக இருப்பவரை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வரச் சொல்வது சுற்று வழி. எனக்கே அந்த முறையில் "வத்தை" என்று எழுதப்போய் முதலில் "வதை" என்றுதான் வந்தது.

தமிழ்99 முறையைப் பழகுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசை அமைப்பு அது. ஐபோனில் 2013 முதலே உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற செயலியில் கிடைக்கும், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது. பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். புதுக் கீபோர்டை இயக்கும்போது "நீங்கள் எழுதுவதை எல்லாம் இது சேகரிக்கக்கூடும்" என்று போன் எச்சரிக்கும், எந்தக் கீபோர்டுக்கும் வருகிற எச்சரிக்கை அது. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் போனோடு வந்த கீபோர்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

படி 5: மீன் பெயரை வைத்துப் பழகுவது

247 எழுத்துக்கும் 247 விசை கிடையாது. உயிர் இடது பக்கம், மெய் வலது பக்கம், புள்ளிக்கு ஒரு விசை. க அடித்து இ அடித்தால் கி. இவ்வளவுதான் அடிப்படை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புள்ளி தானாக விழுவது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலில் உள்ளதற்குப் புள்ளி வந்துவிடும். ங-வுக்கு அடுத்து க, ஞ-வுக்கு அடுத்து ச, ண-வுக்கு அடுத்து ட, ந-வுக்கு அடுத்து த, ம-வுக்கு அடுத்து ப, ன-வுக்கு அடுத்து ற, இப்படி இன எழுத்து சேர்ந்து வந்தாலும் புள்ளி தானாக விழும். அம்மாவுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்:

நண்டு: ந, ண, ட, உ
மத்தி: ம, த, த, இ
பண்ணா: ப, ண, ண, ஆ
வாளை: வ, ஆ, ள, ஐ
திருக்கை: த, இ, ர, உ, க, க, ஐ
கிழங்கான்: க, இ, ழ, ங, க, ஆ, ன, புள்ளி
தங்கச்சிமடம்: த, ங, க, ச, ச, இ, ம, ட, ம, புள்ளி

நண்டுக்கு நாலே தட்டு. ண-வுக்கு நாம் புள்ளி வைக்கவே இல்லை, ட-வை அடித்ததும் அதுவே வைத்துக்கொண்டது. அம்மா அதை முதன்முதலில் பார்த்தபோது அழித்துவிட்டு மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார், ட விழும் அந்த நொடியில் ண-வின் தலையில் புள்ளி வந்து உட்காருவதை.

புள்ளி வேண்டாத இடமும் உண்டு. பப்பாளி எழுதும்போது முதல் ப-வுக்குப் புள்ளி விழுந்துவிடும். அதற்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று நடுவில் ஒரு அ அடித்தால் சரியாகிவிடும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். என் தம்பி விசைப்படகுக்குப் போகிறவன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் இருந்தபோது பழகினான். இரண்டாவது வாரத்திலேயே விசையைத் தேடுவது நின்றுவிட்டது.

படி 6: கீபோர்டை உங்கள் விரலுக்கு ஏற்றபடி மாற்றுவது

இவை ஜிபோர்டில் இருப்பவை, மற்ற கீபோர்டுகளிலும் பல இருக்கும், பெயர் கொஞ்சம் மாறலாம். செட்டிங்கில் விருப்பத்தேர்வுகள் போங்கள். எண் வரிசை என்பதை முதலில் ஆன் செய்யுங்கள். எடையும் விலையும் எழுதுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது, பக்கம் மாற்றி எண்ணைத் தேடும் அவசரத்தில்தான் 9 பக்கத்தில் 0 விழுகிறது. கீபோர்டு உயரத்தைக் கூட்டுங்கள். அகலம்தான் நம் கையில் இல்லை, உயரத்தையாவது கூட்டினால் பெருவிரலுக்கு இடம் கிடைக்கும். ஒரு கைக் கீபோர்டு என்று ஒன்று உண்டு, அது கீபோர்டை ஒரு பக்கம் ஒதுக்கும்போது விசையையும் சிறிதாக்கிவிடுவதால் பெரிய விரல்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

விசை தொட்டால் அதிர்வதையும் எழுத்து மேலே பெரிதாகத் தெரிவதையும் ஆன் செய்யுங்கள். பட்டன் போனில் பழகிய விரலுக்கு அந்தச் சின்ன அதிர்வு பெரிய துணை. தீம் பகுதியில் வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்து விசைகளைச் சுற்றிக் கட்டம் தெரியும்படி வையுங்கள், வெயிலில் கருப்புக் கீபோர்டில் ல எது ள எது என்றே தெரியாது.

வார்த்தைக்கு நடுவில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டால் அந்த இடத்தை விரலால் குத்திப் பிடிக்கப் பாடுபட வேண்டாம். ஸ்பேஸ் விசை மேல் விரலை வைத்து இடமோ வலமோ மெதுவாக நகர்த்துங்கள், எழுதும் கோடு கூடவே நகரும்.

படி 7: உங்கள் ஊர் வார்த்தைகளைச் சேர்ப்பது

வடகடல், தென்கடல், சங்காயம், வத்தை, கச்சான் இதையெல்லாம் கீபோர்டு தானாக எடுத்துக் கொடுக்காது, சில நேரம் வேறு வார்த்தையாக மாற்றியும் விடும். செட்டிங்கில் அகராதி, தனிப்பட்ட அகராதி, தமிழ் என்று போய்க் கூட்டல் குறியைத் தொட்டு ஒவ்வொன்றாக எழுதிச் சேமியுங்கள். குறுக்குவழி கேட்கும் இடத்தில் "கச்" என்று வைத்தால் அடுத்த தடவை அதை அடித்ததுமே "கச்சான்" மேலே வந்து நிற்கும். உங்கள் வியாபாரிகளின் பெயரையும் படகின் பெயரையும்கூடச் சேர்க்கலாம்.

அம்மாவின் அகராதியில் இப்போது 37 வார்த்தை இருக்கிறது. நேற்றுக் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிடாமல் அவரே சேர்த்தது ஒரு மீன் பெயர்: "ஓரா".