மெயில் அனுப்பும்போது சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ செண்ட் பட்டனை அழுத்தியதும், 'சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கும். சான்றிதழ் என்பது சர்வரின் அடையாள அட்டை மாதிரி. சொந்த டொமைனில் (சொந்த இணையப் பெயரில்) மெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி புதிதல்ல. பலரும் படிக்காமலேயே 'யெஸ்' கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த மறுகணம் உங்கள் பாஸ்வேர்டு எதிரே இருக்கும் சர்வருக்குப் போய்விடும், அது யாருடைய சர்வராக இருந்தாலும். அதனால் முதலில் கேன்சல் கொடுங்கள். எழுதிய மெயில் அழியாது. எழுதும் ஜன்னலிலோ அவுட்பாக்ஸிலோ அப்படியே இருக்கும்.

படி 1: கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கம்ப்யூட்டர்களில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது மெயில் மட்டுமல்ல, பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வரும்.

படி 2: எச்சரிக்கைப் பெட்டியிலேயே 'வியூ' அல்லது 'வியூ சர்ட்டிபிகேட்' என்று இருக்கும். அதைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: சான்றிதழ் எந்தப் பெயருக்கு, எந்தத் தேதிவரை, கொடுத்தது யார். இனி செய்ய வேண்டியது இந்த மூன்றில் எது இடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெயர் பொருந்தவில்லை என்றால்

அதிகம் நடப்பது இதுதான். அவுட்லுக்கில் 'டார்கெட் பிரின்சிபல் நேம் இஸ் இன்கரெக்ட்' என்று வரும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நிறைய டொமைன்கள் இருக்கும். செட்டிங்கில் நீங்கள் 'மெயில்.உங்கள்டொமைன்.காம்' என்று கொடுத்திருப்பீர்கள். சர்வரோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் உள்ள சான்றிதழை நீட்டும். ஆள் சரிதான், அடையாள அட்டையில்தான் வேறு பெயர்.

சீபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) இருந்தால் அதற்குள் போய் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் உங்கள் 'மெயில்.' முகவரி சேர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்த்து 'ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்' அழுத்துங்கள். இது கைகொடுக்காவிட்டால், மெயில் கணக்குக்குப் பக்கத்தில் உள்ள 'கனெக்ட் டிவைசஸ்' பக்கத்தில் காட்டும் சர்வர் பெயரை மெயில் செட்டிங்கில் போடுங்கள். இது உடனே வேலை செய்யும். ஆனால் நாளைக்கு உங்கள் கணக்கை அவர்கள் வேறு சர்வருக்கு மாற்றினால் திரும்பவும் தலைவலி. நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

'மெயில் வருகிறது, அனுப்பும்போது மட்டும் ஏன் தகராறு?' என்று கேட்பீர்கள். வருவதற்கும் போவதற்கும் சர்வர் பெயரைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும். அங்கே பெயரை மட்டும் மாற்றுங்கள், யூசர்நேமைத் தொட வேண்டாம்.

தேதி முடிந்திருந்தால்

உங்களால் ஆவது ஒன்றுமில்லை, ஹோஸ்டிங் ஆட்களிடம் சொல்ல வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்காவது நின்றிருக்கும். சில சமயம் வெப்சைட்டில் புதுச் சான்றிதழ் வந்திருக்கும், மெயில் சர்வர் மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் போர்ட் எண்ணோடு (மெயில் செட்டிங்கில் சர்வர் பெயரோடு இருக்கும் 465, 587 போன்ற எண்) அதைச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

கொடுத்தவர் பெயர் விநோதமாக இருந்தால்

ஆன்டிவைரஸ் பெயர் தெரிகிறதா? அது நடுவில் புகுந்து மெயிலைச் சோதிக்கிறது; அதன் செட்டிங்கில் மெயில் ஸ்கேனை நிறுத்திப் பாருங்கள். லாட்ஜ் வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். எச்சரிக்கை காணாமல் போனால் கோளாறு அந்த வைஃபையில்தான். அங்கிருந்து மெயில் அனுப்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் செய்ய வேண்டாம். 'கனெக்‌ஷன் செக்யூரிட்டியை நன் (None, அதாவது பாதுகாப்பு எதுவும் வேண்டாம்) என்று வை, எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். எச்சரிக்கை நிற்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டு மறைப்பில்லாமல் போகும். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். மறைத்து அனுப்பும் இந்த இரண்டு முறைகளில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

முன்பே 'யெஸ்' கொடுத்துவிட்டீர்களா? தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'மேனேஜ் சர்ட்டிபிகேட்ஸ்', அப்புறம் 'சர்வர்ஸ்' பகுதி. அங்கே உங்கள் சர்வர் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். சர்வர் பெயரை மாற்றியிருந்தால், போனில் உள்ள மெயில் ஆப்பிலும் அதே பெயரைப் போட வேண்டியிருக்கும்.