எம்எஸ் நோய்க்கு டைமெத்தில் ஃபியூமரேட்: எரிச்சலைத் தாண்டுவதும் ரத்த அணுவைக் கவனிப்பதும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய்க்கு டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூல் ஆரம்பித்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே நிறுத்திவிடப் பார்க்கிறார்கள். முகம் சிவந்து எரியும், வயிறு பிசையும். இரண்டும் பெருந்தொல்லைதான், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிடும். பயப்பட வேண்டிய விஷயம் வேறு: ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான லிம்போசைட் அணுக்கள் குறைவது. அது வலிக்காது, எரியாது, எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் உடம்பு சொல்வதை மட்டும் கேட்டு இந்த மருந்தைச் சாப்பிட்டுவர முடியாது. தேதி பார்த்து ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும்.

விட்டு விட்டுத் தாக்கும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வாய்வழி மருந்து இது. அடுத்த தாக்குதல் வரும் வாய்ப்பைக் குறைப்பதும், எம்ஆர்ஐ-யில் புதுப் புள்ளிகள் வராமல் தடுப்பதும்தான் இதன் வேலை. ஏற்கெனவே வந்துவிட்ட மரமரப்பையோ கால் தளர்ச்சியையோ இது சரிசெய்யாது. "மூணு மாசம் சாப்பிட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றும் வராமல் இருப்பதுதான் இந்த மருந்தின் பலன்.

முதல் கேப்சூலுக்கு முன்

நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனைகளை முடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வெள்ளணு வகைகளைப் பிரித்துக் காட்டும் டிஃபரன்ஷியல் கவுண்டுடன் கூடிய சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), கல்லீரல் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எம்ஆர்ஐ. சின்ன வயதில் சின்னம்மை வந்ததா என்று அம்மாவையோ பாட்டியையோ கேட்டு வையுங்கள். வரவில்லை என்றால் தடுப்பூசி பற்றி மருந்து ஆரம்பிக்கும் முன்பே பேச வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மருந்து ஓடும்போது பொதுவாகப் போட மாட்டார்கள்.

மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். கர்ப்பத் திட்டம், பால் கொடுப்பது, பழைய காசநோய், சிறுநீரகக் கோளாறு, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறிப்பாக எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் பொடியோ கஷாயமோ குடிப்பவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எம்எஸ்ஸில் எதிர்ப்புச் சக்திதான் நரம்பின் உறையைத் தாக்குகிறது. அதைத் தூண்டிவிடுவது நம் நோக்கம் கிடையாது. சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அளவு

வழக்கமான அளவு: முதல் 7 நாள் 120 மில்லிகிராம் கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று. எட்டாம் நாளிலிருந்து 240 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. அதாவது முதல் வாரத்துக்கு 120-ல் 14 கேப்சூல், அதன்பின் 30 நாளுக்கு 240-ல் 60 கேப்சூல். கடையில் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். 120-க்குப் பதில் நேரடியாக 240-ஐக் கொடுத்துவிட்டால் முதல் நாளே வயிறு கெட்டு, "இது எனக்கு ஒத்துக்கல" என்று முடிவாகிவிடும். வயிறு மென்மையானவர்களுக்குச் சில மருத்துவர்கள் நாலு வாரம் எடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். அப்படி எழுதியிருந்தால் அதுதான் உங்கள் கணக்கு.

கேப்சூலை முழுசாக விழுங்க வேண்டும். திறந்து சோற்றில் தூவுவது, கடிப்பது, நீரில் கரைப்பது எதுவும் கூடாது. உள்ளே இருக்கும் மருந்துக்கு இரைப்பையில் கரையாத பூச்சு உண்டு. அது போய்விட்டால் மருந்து வயிற்றுச் சுவரையே அரிக்கும். இந்த வேதிப்பொருள் தோலில் பட்டாலும் சும்மா விடாது. ஐரோப்பாவில் சோபாக்களுக்கும் காலணிகளுக்கும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதைப் பொட்டலமாகப் போட்டு வைத்தார்கள். பலருக்குத் தோல் வெந்ததுபோல் ஆகி, 2009-ல் அந்தப் பயன்பாட்டுக்கே தடை வந்தது. விழுங்கச் சிரமம் இருந்தால் கேப்சூலைப் பிரிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு எப்படி

வெறும் வயிற்றில் எடுத்தாலும் மருந்து வேலை செய்யும், ஆனால் நீங்கள் படும் பாடு அதிகம். பாதி டிபன் சாப்பிட்டுவிட்டு கேப்சூல், அதன்மேல் மீதி டிபன் என்பதே நல்ல முறை. டிபனில் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் இருப்பது முக்கியம். வெறும் இட்லியும் காரச் சட்னியும் போதாது. இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, தோசைக்கு முட்டை, இரவில் கடைசியாகத் தயிர்சாதம் என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் மாதம் மட்டும் சாயங்காலத் தட்டுவடை செட்டைத் தள்ளி வையுங்கள். அந்தக் காரச் சட்னியும் இந்த கேப்சூலும் ஒரே வயிற்றில் சேர வேண்டாம். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் கூழ் மட்டும் குடித்துவிட்டு கேப்சூல் போட்டால் வயிறு காட்டிவிடும். கூழோடு ஒரு கிண்ணம் தயிராவது சேர்க்க வேண்டும்.

முகச் சிவப்பு

கேப்சூல் விழுங்கி சுமார் அரை மணி நேரத்தில் முகம், காது, கழுத்து, மார்பு சூடேறிச் சிவக்கும், அரிக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. "மிளகாய்ப் பொடி பூசின மாதிரி" என்ற எரிச்சல் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் வெந்நீர்க் குளியலோ, கொதிக்கக் கொதிக்கக் காபியோ, வெயிலில் வண்டி ஓட்டுவதோ வேண்டாம்.

சிவப்பு தாங்க முடியாவிட்டால், கேப்சூலுக்கு 30 நிமிடம் முன்பு பூச்சு இல்லாத ஆஸ்பிரின், அதிகபட்சம் 325 மில்லிகிராம், சில நாளைக்கு மட்டும் போட மருத்துவர் சொல்லலாம். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்களே, குடலில் கரையும் பூச்சுப் போட்ட ஆஸ்பிரின், அதை நம்பி இதில் இறங்க வேண்டாம். அல்சர் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் தாங்களாக ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. இன்னொன்றைத் தனியாகவே சொல்ல வேண்டும்: காய்ச்சல் வந்த அன்றே ஆஸ்பிரினை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையும்போது ஆஸ்பிரின் உள்ளே இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ அது இந்தச் சாதாரணச் சிவப்பு கிடையாது, ஒவ்வாமை. அடுத்த கேப்சூல் கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயிறு

குமட்டல், வயிற்றுப் பொருமல், பேதி எல்லாம் முதல் மாதத்தில்தான் அதிகம். தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு 240-லிருந்து 120-க்கு இறங்கிவிட்டு, நாலு வாரத்துக்குள் மறுபடி ஏறிவிடலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலேயே நிறையப் பேர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். 120-லேயே நின்றுவிடவும் கூடாது, அது பழக்குவதற்கான அளவு மட்டுமே.

ஒரு வேளை மறந்துவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அடுத்த வேளைக்கு குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி இருந்தால் மறந்ததை எடுக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் காலை கேப்சூலை விழுங்கிவிட்டு உடனே பஸ் ஏற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்தால் கேப்சூல் உள்ளே போனதா வெளியே வந்ததா என்றே தெரியாது. இறங்கி, டிபன் சாப்பிட்டு, அப்புறம் எடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. வாந்தியில் போய்விட்டாலும் இன்னொன்று போடாமல் அடுத்த வேளைக்குத் தொடருங்கள்.

வைக்கும் இடம்

30 டிகிரிக்கு மேல் போகாத, வெளிச்சம் படாத இடம் வேண்டும். சித்திரை, வைகாசியில் சேலத்தில் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் உள்ள அலமாரி, அடுப்பங்கரை, ஃபிரிட்ஜின் தலைமேல் உள்ள இடம், வண்டி சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி எதுவும் ஆகாது. வீட்டின் நடு அறையில், தரைக்கு அருகில் உள்ள தட்டு பரவாயில்லை. ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. டப்பாவில் வந்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு டப்பாவுக்கும் மாற்றாதீர்கள்.

லிம்போசைட் கணக்கு

இதைப் படிக்கும் எல்லோரும் ஒரு பேனா எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பழக வேண்டும். லேப் அறிக்கையில் பெரும்பாலும் வெள்ளணு மொத்த எண்ணிக்கையும் லிம்போசைட் சதவீதமும்தான் இருக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தத்தைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வருவதுதான் நமக்கு வேண்டிய எண்.

மொத்தம் 6,800, லிம்போசைட் 20 சதவீதம்: 1,360. நிம்மதி. மொத்தம் 3,500, அதே 20 சதவீதம்: 700. கண்காணிக்க வேண்டும். மொத்தம் 3,600, 12 சதவீதம்: 432. அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வருடத்தில் லிம்போசைட் சராசரியாக 30 சதவீதம் குறைவது எதிர்பார்த்ததுதான். 500-க்குக் கீழே போய் 6 மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தால் மருந்தை நிறுத்த வேண்டிவரும். 500-க்கும் 800-க்கும் நடுவே நீண்ட நாள் நின்றாலும் மருத்துவர் மறுயோசனை செய்வார். ஐரோப்பிய நடைமுறையில் சிபிசி 3 மாதத்துக்கு ஒருமுறை. அமெரிக்க நடைமுறையில் 6-ஆம் மாதம், பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. 3 மாதம் என்பதையே நாங்கள் சொல்வோம். செலவு குறைந்த பரிசோதனை இது, தவறவிட்டால் விலை அதிகம். காலண்டரில் வட்டம் போட்டு, எண்ணை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வாருங்கள். 1,500, 1,100, 800 என்று இறங்குவது அப்போதுதான் கண்ணில் படும். காய்ச்சல் நேரத்தில் எடுத்த ரத்தத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், காய்ச்சல் தேறியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

உடனே போக வேண்டியவை

அக்கி வந்தால் குயவரிடம் காவி எழுதப் போவது நம் பக்கத்து வழக்கம். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அதற்குள் நேரம் கடந்துவிடும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து ஆரம்பிப்பதுதான் பலன் தரும். அதேபோல் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால் கீழாநெல்லி அரைக்கும் முன் கல்லீரல் பரிசோதனை.

மிக அபூர்வமாக, லிம்போசைட் நெடுநாள் குறைந்திருப்பவர்களுக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கும் பிஎம்எல் வரலாம். ஒரு பக்கம் தளர்வது, பார்வை மங்குவது, பேச்சு குழறுவது, ஆளே மாறினதுபோல் நடப்பது எல்லாம் நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் கூடிக்கொண்டே போகும். நோயாளிக்கு முன்னால் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் இது தெரியவரும். அதனால் இந்தப் பத்தியை அவர்களும் படிக்கட்டும்.

வெயிலில் நடந்து வந்து கண் மங்கி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் தெளிந்தால் அது தாக்குதல் கிடையாது, சூட்டினால் வருவது. காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் பழைய அறிகுறிகளை இப்படிக் கிளப்பிவிடும். இவை எதுவும் இல்லாமல் புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்காக கேப்சூலைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

வேறு மாத்திரை எழுதியிருந்தால்

மேலே சொன்னவை டைமெத்தில் ஃபியூமரேட்டுக்கு மட்டும். டெரிஃப்ளூனோமைடு என்றால் முதல் 6 மாதம் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை, ஆரம்பிக்கும் முன் காசநோய்ப் பரிசோதனை. கர்ப்பத்துக்கு அது முற்றிலும் ஆகாது. நிறுத்திய பின்னும் ரத்தத்தில் 2 வருடம் வரை தங்கலாம் என்பதால், குழந்தை வேண்டும் என்றால் அதை வெளியேற்றத் தனி மருந்து கொடுப்பார்கள்.

ஃபிங்கோலிமோடு என்றால் முதல் மாத்திரையை வீட்டில் போடக் கூடாது. நாடித்துடிப்பு குறையலாம் என்பதால் மருத்துவமனையில் 6 மணி நேரம் உட்கார்ந்து, முன்னும் பின்னும் இசிஜி எடுக்க வேண்டும். 3 முதல் 4 மாதத்தில் கண் விழித்திரைப் பரிசோதனை. முதல் 2 வாரத்தில் ஒரு நாள் விட்டாலும், அடுத்த 2 வாரத்தில் 7 நாளுக்கு மேல் விட்டாலும், அதன்பின் 14 நாளுக்கு மேல் விட்டாலும் மறுபடி அந்த 6 மணி நேரக் கண்காணிப்புதான். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். ஆகவே மாத்திரை 10 நாளுக்கு மிஞ்சியிருக்கும்போதே கடையில் சொல்லி வைத்துவிடுங்கள்.