பொது நிர்வாகம் படிக்கிறீர்களா? அரசாணையைக் கடைசியிலிருந்து படியுங்கள்

பொது நிர்வாகப் பாடத்தில் ஓர் அதிகாரம் முடித்ததும், தமிழ்நாடு அரசின் இணையதளத்திலிருந்து ஏதாவது ஒரு திட்டத்தின் அரசாணையை இறக்கி, கடைசிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

புத்தகத்தில் தனித்தனியாக நிற்பதெல்லாம் அந்த நாலைந்து தாளில் ஒன்றாகக் கிடைக்கும். ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று எழுதிக் கீழே துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். மாநில அரசின் ஆணைகள் ஆளுநர் பெயரில் வெளியாக வேண்டும் என்ற அரசியலமைப்பின் 166ஆம் பிரிவின் விதி அந்த ஒரு வரிதான். அதற்குச் சற்று மேலே ‘நிதித்துறையின் இசைவுடன்’ என்று ஒரு எண்ணும் தேதியும் வரும். நிதிக் கட்டுப்பாடு என்று பத்துப் பக்கம் படித்தது இதைத்தான். முதல் பக்கத்தில் ‘படிக்கப்பட்டவை’ என்ற பட்டியலைப் பாருங்கள்: பழைய அரசாணைகள், இயக்குநரின் கடிதங்கள். கோரிக்கை கீழிருந்து மேலே போன வழி, ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்ன அதிகாரப் படிநிலை, தேதியோடு தெரியும். என்னைக் கேட்டால், குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் எழுதும் விடைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பணியிட மாற்ற ஆணைகளை எடுக்காதீர்கள், அவற்றில் ஒன்றும் இருக்காது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாவுக்கும் இது உதவாது. அப்புறம், யார் எதிர்த்தார், ஏன் தாமதம் என்பதெல்லாம் அந்த ஆணைக்கான கோப்பில், அதிகாரிகள் கருத்து எழுதும் குறிப்புப் பகுதியில்தான் இருக்கும். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும்.