பிரபல செஃப்போடு தொலைக்காட்சியில் போட்டி: சிறு உணவகத்தார் ஆயத்தமாவது எப்படி?

தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, "உங்கள் கடையில் பேர்போன பலகாரத்தை நீங்களும் செய்யுங்கள், எங்கள் செஃப்பும் செய்யட்டும், நடுவர்கள் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும்" என்று கேட்டால், சிறு உணவகம் நடத்துகிற எவருக்கும் மகிழ்ச்சியும் நடுக்கமும் ஒருசேர வரும். மதுரையில் கறிதோசைக் கடை நடத்தும் எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தப் போட்டியில் நான் தோற்றேன். கைப்பக்குவத்தில் குறையில்லை, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைக் கேட்காமல் விட்டதால்தான் தோற்றேன். அடுத்து அழைக்கப்படுகிறவர் அவற்றைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். அமெரிக்காவின் ஃபுட் நெட்வொர்க் தொலைக்காட்சியில் 2006 முதல் 2011 வரை பாபி ஃப்ளே என்ற செஃப் நடத்திய 'த்ரோடவுன்' நிகழ்ச்சி இந்த வகைப் போட்டிக்கு நல்ல முன்மாதிரி. ஒரே பண்டத்தில் பெயரெடுத்த ஒருவரிடம், அவரைப் பற்றிய சிறப்பு நிகழ்ச்சி எடுக்கப்போவதாகச் சொல்லிப் படப்பிடிப்பைத் தொடங்குவார்கள். நடுவில் ஃப்ளே திடீரென்று வந்து நின்று போட்டிக்கு அழைப்பார். அவரோ அதற்கு முன்பே தம் உதவியாளர்களோடு சோதனைச் சமையலறையில் அதே பண்டத்தைச் செய்து பார்த்திருப்பார். அப்படியிருந்தும் அவர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

சிங்கப்பூரிலும் இது நடந்திருக்கிறது. 2013 ஜூலையில் நியூட்டன் உணவு நிலையத்தில், பிரிட்டனின் பிரபல செஃப் கார்டன் ராம்சே சில நாள்களே பழகிய மூன்று உள்ளூர் உணவுகளைச் சமைத்து மூன்று உணவகத்தாரோடு மோதினார். சுவைத்துப் பார்த்த பொதுமக்கள் வாக்களித்தார்கள். மேக்ஸ்வெல் உணவு நிலையத்தின் தியான் தியான் கடையினர் கோழிச் சோற்றிலும், காத்தோங் லக்சா கடையினர் தேங்காய்ப்பால் சேர்த்த காரமான நூடுல்ஸ் குழம்பான லக்சாவிலும் அவரை வென்றனர். மிளகாய் நண்டில் மட்டும் ராம்சே ஜெயித்தார். நண்டில் அவரிடம் தோற்ற ஜம்போ, அந்த மூன்றில் தள்ளுவண்டியிலோ சிறு கடையிலோ அடங்காத பெரிய உணவகம் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கோழிச் சோற்றில் பதம் தப்பினால் ஒளித்துவைக்க இடமில்லை. கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் அரிசி எந்த அளவு வேக வேண்டும் என்பது, நாள் தவறாமல் அதே பானையின் முன் நிற்பவரின் கைக்குத்தான் தெரியும்.

ஆகவே போட்டிக்கென்று உங்கள் பண்டத்தை மாற்றாதீர்கள். செஃப் ஏதாவது புதுமை செய்வார், நாமும் சற்று மெருகேற்ற வேண்டாமா என்ற எண்ணம் கடைசி வாரத்தில் கட்டாயம் வரும். வீட்டில் உள்ளவர்களே அதைத் தூண்டுவார்கள். அதற்கு இடம் கொடுக்காமல், தினமும் கடையில் எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே போடுங்கள். பல பண்டங்கள் இருந்தால், பழைய வாடிக்கையாளர் வாரம் தவறாமல் வந்து கேட்பது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, அடுப்பையும் பாத்திரத்தையும் பற்றிக் கேளுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். கறிதோசைக்கு மாவைக் கனமாக ஊற்றி, முட்டையை அடித்துவிட்டு, மேலே கறிமசாலாவைப் பரப்பித் திருப்பிப் போட வேண்டும். இத்தனை கனத்தைத் தாங்கி ஒரே சீராக வேகவைக்க, பல வருடம் எண்ணெய் குடித்துப் பழகிய தடித்த இரும்புக் கல் வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் எனக்குக் கொடுத்தது மின் அடுப்பும், அதற்கேற்ற மெல்லிய ஒட்டாத தவாவும். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் சத்தமே வரவில்லை. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. அடி தீய்ந்து, நடு மாவு வேகாமல், கறி தனியாகச் சரிந்தது. அதனால் உங்கள் சொந்தக் கல், கரண்டி, அண்டா ஆகியவற்றையே கொண்டுவர அனுமதிப்பார்களா, எரிவாயு அடுப்பா மின் அடுப்பா, தளத்தில் குளிரூட்டி எவ்வளவு நேரம் ஓடும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளிரில் மாவு புளிக்கத் தாமதமாகும்; முந்தின இரவே வீட்டில் புளிக்கவைத்து எடுத்துச் செல்வது நல்லது. ஒலிப்பதிவுக்காகப் புகைபோக்கி விசிறியை நிறுத்தச் சொல்வதும் உண்டு என்பதால், தாளிக்கும்போது கண்ணெரிச்சல் வராத தூரத்தில் நின்று பழகுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சமைத்து முடித்ததற்கும் நடுவர் வாயில் வைப்பதற்கும் இடையே எத்தனை நிமிடம்? தட்டை அழகுபடுத்தி, விளக்குகளைச் சரிசெய்து, கேமரா நெருக்கத்தில் படமெடுத்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடக்கூடும். பிரியாணி அதைத் தாங்கும்; பரோட்டா தோலாகிவிடும், தோசை துவண்டுவிடும். படமெடுக்க ஒரு தட்டு, சுவைக்க ஒரு தட்டு என்று தனித்தனியாகச் செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால், கடைசித் திருப்பலை மட்டும் நடுவர் வந்தபின் செய்யும்படி வேலையைப் பிரித்து, வீட்டில் கடிகாரம் வைத்து நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். குழம்பு, குருமா போன்றவை 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் சூடாக இருக்க வேண்டும். சுவைக்கும் நல்லது, உணவுப் பாதுகாப்புக்கும் அதுவே முறை.

நடுவர்கள் யார், அவர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாமல் சுவைப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'த்ரோடவுன்' நடுவர்கள் அப்படித் தெரியாமல்தான் சுவைத்தார்கள். அந்தந்த ஊர் உணவை அறிந்த ஒருவராவது நடுவராக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கறிதோசையைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டே பழகாத ஒருவருக்கு அது கனமான தோசையாக மட்டுமே தெரியும்.

செய்முறையை எவ்வளவு சொல்வது என்ற கவலை நியாயமானது. பொருள்களின் பட்டியலைச் சட்டம் பெரிதாகக் காப்பாற்றாது. சொல்லாமல் வைத்திருப்பதே காப்பு. மசாலாவை வீட்டிலேயே வறுத்து அரைத்துப் பொடியாக டப்பாவில் கொண்டுபோங்கள், அளவுகளைக் கேமரா முன் சொல்ல வேண்டாம். ஆனால் வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை போன்று ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் அவற்றைத் தயாரிப்புக் குழுவிடம் மறைக்கக் கூடாது. ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

ஒப்பந்தத்தைத் தளத்தில் நின்றபடி படிக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே வாங்கி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கடைப் பையன்களுக்கும் அதைச் சொல்லிவையுங்கள். நிகழ்ச்சியின் பெயரைக் கடைப் பலகையில் போடலாமா, படத்துணுக்குகளைப் பயன்படுத்தலாமா, மூலப்பொருள் செலவும் கடையை மூடிய நாளின் இழப்பும் யார் பொறுப்பு என்பவற்றுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

ஒளிபரப்பான மறுநாள், வென்றாலும் தோற்றாலும், கூட்டம் வரும். என் கடைக்கும் வந்தது. வழக்கமான அளவே மாவு அரைத்திருந்தேன். இரவு எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துபோய், இருபது வருடமாக வருகிற ஒரு பெரியவரை "நாளைக்கு வாங்க ஐயா" என்று திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆகவே அந்த வாரத்துக்கு மட்டும் மாவையும் கறியையும் ஒன்றரை மடங்காக்குங்கள், அதற்கு மேல் போனால் பதம் கெடும். கல்லில் நிற்க இன்னொருவரை ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். பழைய வாடிக்கையாளருக்கென்று இரண்டு மேசையை ஒதுக்கிவையுங்கள். அன்று திரும்பிப் போன பெரியவர் மறுநாள் ஏழு மணிக்கே வந்தார். அவருக்குத்தான் முதல் தோசையைப் போட்டேன்.