ஒரு கிலோ புரோமினுக்கு எவ்வளவு கடல்நீர்? தாளும் பென்சிலும் கொண்டு ஒரு செய்முறை

கடல்நீரிலிருந்து புரோமின் எடுப்பதைப் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒற்றைச் சமன்பாட்டில் முடித்துவிடுகின்றன: புரோமைடுடன் (எலக்ட்ரான் ஏற்று நீரில் கரைந்து நிற்கும் புரோமின்) குளோரின் வினைபுரிந்தால் புரோமினும் குளோரைடும் கிடைக்கும். சமன்பாடு சரிதான். ஆனால் அந்த ஒரு வரியைத் தொழிற்சாலையாக மாற்றும்போது எழும் சிக்கல்களில்தான் இந்தத் தனிமத்தின் வேதியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே, ஒரு கிலோ புரோமின் எடுப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தேவை, ஏன் தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இது தாளில் மட்டும் செய்ய வேண்டிய செய்முறை. வீட்டிலோ மாடியிலோ எவரும் முயலக் கூடாது; காரணம் முதல் படியிலேயே விளங்கும்.

படி 1: பொருளை அறிதல்

புரோமினின் அணு எண் 35, அணு நிறை 79.9. அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் அலோகம் இது ஒன்றே. அடர்ந்த செம்பழுப்பு நிறம் கொண்ட இத்திரவம் மைனஸ் 7.2 டிகிரி செல்சியஸில் உறைந்து, 58.8 டிகிரியில் கொதிக்கிறது. அடர்த்தி தண்ணீரைப் போல் 3.1 மடங்கு. எனவே நாம் எடுக்கப்போகும் ஒரு கிலோவின் கன அளவு 1000-ஐ 3.1-ஆல் வகுத்தால் கிடைக்கும் 323 மில்லிலிட்டர், அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவுதான்.

அந்த டம்ளரைத் திறந்து வைத்தால் அறையே தாங்காது. கொதிநிலைக்கு வெகு கீழேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். ஆவி காற்றைவிட ஐந்தரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு படர்ந்து தேங்கும். கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். தோலில் பட்டால் ஆறுவதற்கு நாளாகும் புண் உண்டாகும். கிரேக்க மொழியில் துர்நாற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தது வீண் இல்லை. 1826-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில், உப்பு எடுத்தபின் எஞ்சிய கசப்பு நீரிலிருந்து இதைப் பிரித்து அறிவித்தவர் அந்துவான் பலார். ஜெர்மனியில் கார்ல் லோவிக் என்ற மாணவரும் தனியாக, ஓர் ஊற்று நீரிலிருந்து, இதைக் கண்டறிந்திருந்தார். இவர்களுக்கு முன்பே புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக்கின் கைக்கு இந்தத் திரவம் வந்திருந்தது. அவர் அதை அயோடின் குளோரைடு என்று தவறாக முடிவு செய்து வைத்துவிட்டார்.

படி 2: மூலநீரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு லிட்டர் கடல்நீரில் புரோமைடு சுமார் 65 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிலோ என்பது பத்து லட்சம் மில்லிகிராம். அதை 65-ஆல் வகுத்தால் சுமார் 15,400 லிட்டர். ஒரு சொட்டும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலே, ஒரு டம்ளர் புரோமினுக்கு ஒரு பெரிய தண்ணீர் லாரியின் சரக்கு வேண்டும். சாக்கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் இருப்பதால் அங்கே 200 லிட்டர் போதும். இஸ்ரேலும் ஜோர்டானும் இத்தொழிலில் முன்னணியில் இருப்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கே காரணம் சொல்லிவிடும். உப்பளங்களில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: சோடியம் குளோரைடு படிகமாகி விலகிவிட, புரோமைடு பெரும்பாலும் நீரிலேயே தங்கி லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குச் செறிவடைகிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் புரோமின் எடுப்பது இவ்வகை நீரிலிருந்துதான்.

கணக்கைக் கடினமாக்கிக்கொள்வதற்காக, நாம் கடல்நீரையே எடுத்துக்கொள்வோம். 1934-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கியூர் கடற்கரையில் இதற்கென்றே ஓர் ஆலை நிறுவப்பட்டது.

படி 3: அமிலம் சேர்த்தல்

தொடக்கநிலை மாணவர்கள் தவறவிடும் படி இது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. அதில் விடுவிக்கப்பட்ட புரோமின், நீருடனேயே வினைபுரிந்து ஹைப்போபுரோமஸ் அமிலமாகவும் புரோமேட்டாகவும் மாறி, ஆவியாகாமல் கரைந்து நின்றுவிடும். கந்தக அமிலம் சேர்த்து பிஎச் மதிப்பை 3.5-க்குக் கொண்டுவந்தால் புரோமின் மூலக்கூறாகவே நிற்கும். ஒரு டன் கடல்நீருக்கு இவ்வமிலம் சுமார் 130 கிராம் வேண்டும். நமது நீருக்கு ஏறக்குறைய 2 கிலோ. கிடைக்கப்போகும் பொருளைப் போல் இரு மடங்கு அமிலம் செலவாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 6-இல் இதற்குத் திரும்புவோம்.

படி 4: குளோரின் செலுத்துதல்

குளோரின் அணு சிறியது. எலக்ட்ரானைப் புரோமினைவிட வலுவாகக் கவரும். ஆகவே அது புரோமைடிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, தான் குளோரைடாகிவிடும். ஒரு மோல் (குறிப்பிட்ட எண்ணிக்கை மூலக்கூறுகளின் தொகுதி) புரோமினுக்கு ஒரு மோல் குளோரின்: 159.8 கிராமுக்கு 70.9 கிராம். ஒரு கிலோவுக்கு 444 கிராம். நடைமுறையில் சற்றுக் கூடுதல்.

இந்த வினையை மட்டும் ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, கண்ணால் பார்க்கலாம். சோதனைக் குழாயில் நீர்த்த பொட்டாசியம் புரோமைடு கரைசல் 2 மில்லிலிட்டர் எடுத்து, அதன்மேல் நீரில் கலக்காத கரைப்பானான சைக்ளோஹெக்சேனைச் சிறிது ஊற்றி, சில துளிகள் குளோரின் நீர் சேர்த்துக் குலுக்குங்கள். மேலடுக்கு ஆரஞ்சு நிறமாகும். மிஞ்சியதைக் கொட்டுவதற்கு முன் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல் சேர்த்து நிறம் போகும்வரை கலக்க வேண்டும்.

படி 5: நீரிலிருந்து வெளியேற்றுதல்

செறிந்த நீராக இருந்தால் நீராவியைச் செலுத்திப் புரோமினை விரட்டிவிடலாம். ஆனால் 15,400 லிட்டர் கடல்நீரைச் சூடாக்கினால் எரிபொருள் செலவே ஆலையை மூழ்கடித்துவிடும். அதனால் உயரமான கோபுரத்தின் மேலிருந்து நீரை வழியவிட்டு, கீழிருந்து காற்றை ஊதுகிறார்கள். காற்றால் ஊதிப் பிரிக்கும் இந்த யோசனையை 1891-இல் மிச்சிகனின் மிட்லண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் டவ். அவரை ஒழித்துக்கட்ட ஜெர்மன் உற்பத்தியாளர் கூட்டமைப்பு அமெரிக்காவில் அடக்கவிலைக்கும் குறைவாகப் புரோமினை விற்றபோது, அவர் அதையே சத்தமின்றி வாங்கி ஐரோப்பாவில் லாபத்துக்கு விற்ற கதை வணிக வரலாற்றில் பிரசித்தம்.

படி 6: காற்றிலிருந்து பிடித்தல்

இப்போது புரோமின் ஏராளமான காற்றில் மெலிதாகப் பரவியிருக்கிறது. அதனுடன் கந்தக டைஆக்சைடையும் நீரையும் சேர்த்தால் ஹைட்ரோபுரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் உருவாகிச் சிறிதளவு நீரில் அடங்கிவிடும். ஒரு கிலோ புரோமினுக்கு 400 கிராம் கந்தக டைஆக்சைடு தேவை. பாடுபட்டு விடுவித்த புரோமினை மீண்டும் புரோமைடாக்குவது பின்னோக்கிப் போவதாகத் தோன்றலாம். ஆனால் லிட்டருக்கு 65 மில்லிகிராமாக இருந்தது இப்போது நூறு கிராமுக்கும் மேலாகச் செறிந்துவிட்டது.

இச்செறிந்த கரைசலில் மறுபடியும் 444 கிராம் குளோரின் செலுத்தி, இம்முறை நீராவியால் புரோமினை வெளியேற்றலாம். எஞ்சிய நீரில் கந்தக அமிலம் 613 கிராமும், அமிலத்திறனில் அதற்கு இணையான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இருக்கும். அதை வீணாக்காமல் படி 3-க்குத் திருப்பி அனுப்பினால், அமிலத் தேவையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

படி 7: தூய்மையாக்குதல்

ஆவியைக் குளிர்வித்தால் புரோமின் கனமாதலால் நீருக்கு அடியில் தனி அடுக்காக இறங்கும். காய்ச்சி வடித்துக் குளோரினை நீக்கி, அடர் கந்தக அமிலத்தால் உலர்த்தி, கண்ணாடிக் குடுவைகளிலோ காரீய உட்பூச்சுள்ள கலன்களிலோ அடைப்பார்கள்.

படி 8: அந்த ஒரு கிலோ எங்கே போகிறது?

பெரும்பகுதி தீத்தடுப்பான்களுக்கு. மின்சுற்றுப் பலகைகளில் கலந்திருக்கும் டெட்ராபுரோமோபிஸ்ஃபீனால்-ஏ என்னும் சேர்மத்தின் எடையில் 59 சதவீதம் புரோமின்தான். பலகை சூடேறித் தீப்பற்றும் நேரத்தில் விடுபடும் புரோமின், சுடரை வளர்க்கும் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்து வினைச்சங்கிலியை அறுக்கிறது. இங்கும் ஒரு கணக்குப் பொறி உண்டு: ஒவ்வொரு புரோமின் மூலக்கூறிலும் ஓர் அணுவே சேர்மத்தில் ஏறும், மற்றது ஹைட்ரஜன் புரோமைடாக வெளிவரும். ஆகவே அரைக் கிலோவைத் திரும்பப் பிடித்துப் புரோமினாக்காவிட்டால் நம் உழைப்பில் பாதி போய்விடும்.

எண்ணெய்க் கிணறுகளில் கால்சியம் புரோமைடு கரைசல் பயன்படுவது அதன் கனத்துக்காக. திண்மத் துகள் எதுவுமின்றித் தண்ணீரைப் போல் 1.7 மடங்கு அடர்த்தியை எட்டும். கியூர் கடற்கரை ஆலை எழுந்தது ஈயம் கலந்த பெட்ரோலுக்கான எத்திலீன் டைபுரோமைடுக்காக. அந்தப் பெட்ரோலோடு அந்தத் தேவையும் மறைந்தது. மண்ணைப் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தை அரிப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் பெரும்பாலும் விலக்கப்பட்டுவிட்டது. பொட்டாசியம் புரோமைடு 1857 முதல் வலிப்பு நோய்க்கு மருந்தாக இருந்து, இன்று பெரும்பாலும் நாய்களின் வலிப்புக்கு மட்டும் தரப்படுகிறது.

பயிற்சி: உப்பளக் கசப்பு நீரில் லிட்டருக்கு 2 கிராம் புரோமைடு இருந்து, அதில் 80 சதவீதத்தை மட்டுமே மீட்க முடிந்தால், ஒரு கிலோ புரோமினுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? 625 என்று விடை வந்தால், அடுத்து கடல்நீருக்கும் இதே மீட்பு விகிதத்தை வைத்துப் படி 2-இலிருந்து அமிலத் தேவைவரை மறுபடி போட்டுப் பாருங்கள்.