ஃபோர்வீலில் கிளட்ச் வழுக்குதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்து ஏற்றங்களில் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ்களில் வழக்கமாக வரும் புகார் இது: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் தாவுகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் முனகுகிறது. பட்டறைக்குப் போனால் “கிளட்ச் செட் மாத்தணும்” என்பார்கள். மாற்ற வேண்டியும் இருக்கலாம். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸை இறக்குவது ஒரு முழு நாள் வேலை. அதற்கு முன் பத்து நிமிடச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது.

முதலில், வழுக்குவது உண்மைதானா? லோ ரேஞ்சில் பார்க்காதீர்கள். அங்கே இழுவையை டிரான்ஸ்ஃபர் கேஸ் பெருக்கிக் கொடுப்பதால் கிளட்ச்சுக்குச் சுமை குறைவு. தேய்ந்த டிஸ்க்கும் நல்ல பிள்ளையாக நடிக்கும். டூ-ஹையில் (இரு சக்கர இழுவை, ஹை ரேஞ்ச்) போட்டு, துன் சார்டோன் சாலை மாதிரி ஏற்றத்தில், நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாக மிதியுங்கள். முள் மட்டும் ஏறினால் சந்தேகமே வேண்டாம். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்ச்சும் கருகும்.

அடுத்து, எப்போது வழுக்குகிறது என்று கவனியுங்கள். ஆற்றைக் கடந்தவுடன் சிறிது நேரம் மட்டும் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிளட்ச் ஃபோர்க் நுழையும் துளையை மூடும் ரப்பர் கிழிந்திருக்கும். காலையில் சரியாக ஓடி, அரை மணி நேரம் ஜாமில் நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றால், டிஸ்க்கை விட்டுவிட்டு, பெடல் அழுத்தத்தை எண்ணெய் வழியே கிளட்ச்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக்கைப் பாருங்கள்.

காரணம் இதுதான். பெடலை விட்டதும், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு துளை திறந்து, சூட்டில் விரியும் எண்ணெய் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள புஷ்ராடு நீளமாக வைக்கப்பட்டிருந்தால் பிஸ்டன் அந்தத் துளையை மூடிக்கொண்டே இருக்கும். எண்ணெய்க்குப் போக வழியில்லை. அது கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது, நீங்கள் பெடலில் காலே வைக்காமல் கிளட்ச் பாதி மிதிபட்ட நிலையில் ஓடுகிறது.

வண்டி வழுக்கும் நேரத்திலேயே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெடலைத் தொடாமல் ஸ்லேவின் பிளீட் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகு) அரைச் சுற்று தளர்த்துங்கள். எண்ணெய் பீய்ச்சி அடித்தால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. நிப்பிளை மூடி ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் வழுக்கல் நின்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. மறுமுறை வழுக்கும்போது நிப்பிளை விட்டுவிட்டு மாஸ்டர் பக்கத்து பைப் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயே அழுத்தம் இறங்கினால் குறை மாஸ்டரிலோ புஷ்ராடிலோ. இறங்காமல் நிப்பிளைத் திறந்தால் மட்டும் இறங்குகிறது என்றால், நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. ஹோஸை மாற்றுவதே சரி, சுத்தம் செய்து பயனில்லை.

புஷ்ராடுக்கு லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குறைக்க வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால், பிஸ்டனைத் தொடுமுன் பெடல் நுனியில் 1 முதல் 5 மி.மீ. சும்மா ஆட வேண்டும்; டொயோட்டாக்களில் இந்த அளவுதான். காலால் பார்த்தால் இது தெரியாது, விரல்தான் வேண்டும். பிறகு டாட் 3 எண்ணெய் ஊற்றிக் காற்று எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், திறந்து பல மாதம் கிடந்த பாட்டில் வேண்டாம்.

அழுத்தம் சிக்கவில்லை என்றால் இறக்கத்தான் வேண்டும். டிரான்ஸ்மிஷன் ஜாக் வாடகைக்காவது எடுங்கள். சாதாரண டிராலி ஜாக்கில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு பக்கம் சாயும். புரொபெல்லர் ஷாஃப்ட் கழற்றும் முன் இரண்டு ஃபிளேஞ்சிலும் பெயின்ட் கோடு போடுங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். டிஸ்க்கின் பழைய உராய்வு லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

டிஸ்க்கில் ரிவெட் தலை 0.3 மி.மீ. ஆழத்துக்கும் குறைவாக இருந்தால் ஆயுள் முடிந்தது. லைனிங் தடிமனாக இருந்தும் கருத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் என்றால் கியர்பாக்ஸ் முன் சீல். எஞ்சின் எண்ணெய் என்றால் கிராங்க் பின் சீல். சீலை மாற்றாமல் புது டிஸ்க் போட்டால் காசு தண்டம்.

ஃபிளைவீலில் நீலத் தழும்பு இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். வெடிப்பு விழுந்திருந்தால் மாற்றுங்கள்; டூயல் மாஸ் வகையை லேத்தில் கொடுக்காதீர்கள். டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்தே வாங்கலாம். அய்சின், எக்ஸிடி இரண்டில் எதுவும் சரி. லைனிங் மட்டும் ஒட்டித் தரும் மலிவு வேலை வேண்டாம். செராமிக் பட்டன் டிஸ்க்கும் வேண்டாம். ஜாமில் ஒவ்வொரு நகர்விலும் வண்டி உதறும்.

புதுப் பிளேட்டிலும் ஃபிளைவீலிலும் உள்ள காப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். டிஸ்க்கின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பொதுவாக கியர்பாக்ஸ் பக்கம். எழுத்து இருந்தால் எழுத்தே சட்டம். இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் பற்களில் கிரீஸ் மெல்லப் பூசி, வழிவதைத் துடையுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, பல சுற்றாக இறுக்குங்கள். ஹைலக்ஸில் 19 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது, டிஸ்க் ஹப் வளைந்துவிடும். பெல் ஹவுசிங் ஒட்டாவிட்டால் போல்ட்டால் இழுக்காமல் மறுபடி நேர்ப்படுத்துங்கள்.

முதல் 500 கி.மீ.க்கு வின்ச், டிரெய்லர், சேற்றில் இழுப்பு எதுவும் வேண்டாம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள், ஆற்றுக்கு முன் பெல் ஹவுசிங் அடித்துளையில் மாட்டிய வேடிங் பிளக்கைக் கரையேறியதும் கழற்றுங்கள். கழற்றினால் சொட்டும் எண்ணெயே சீல் கசிவை முதலில் காட்டிக்கொடுக்கும்.