பரம்பரைத் துப்பாக்கிக்கு விலை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைக்காரத் துரை பரிசளித்தது என்று சொல்லப்படாத பழைய துப்பாக்கி தமிழ்நாட்டில் அபூர்வம். கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விலை சொல்ல வருபவர் கதைக்குக் காசு தரமாட்டார். பழைய லைசென்ஸ் புத்தகம், கடை ரசீது, தாத்தா எழுதிய கடிதம் இவற்றுக்குத்தான் மதிப்பு. பரணைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவதும் இவைதான்.

“பழங்காலப் பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு?” என்ற நினைப்பு ஆபத்தானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்குத்தான் விலக்கு தருகிறது. நூறு வயதானாலும் சுடும் நிலையில் இருந்தால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடமும், மாநகரமானால் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வாரிசாக வந்ததையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். மதிப்பீட்டாளரிடம் காட்ட அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் படங்கள் போதும்.

அந்தப் படங்களை எடுப்பதற்கு முன், உள்ளே வெடிமருந்து இல்லை என்பதை விவரம் தெரிந்த ஆயுதக் கடைக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில், எப்போதோ கெட்டித்த வெடிமருந்து அப்படியே இருக்கக்கூடும்.

விலையை அதிகம் குறைப்பது நம் வீட்டுச் சுத்தம்தான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் உப்புத்தாளும் பித்தளைப் பாலிஷும் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். குழலின் பழுப்பு நிறமும், சுடும் பொறி இருக்கும் விசைப் பெட்டியின் இரும்பில் எண்ணெய்ப் படலம்போல் தெரியும் நீலமும் வைக்கோல் மஞ்சளும் பட்டறையில் ஏற்றப்பட்ட மெருகு. ஒருமுறை போனால் போனதுதான். சந்தனமும் குங்குமமும் செதுக்கு வேலைப்பாட்டின் இடுக்கில் தங்கி ஈரத்தை இழுக்கும். அடியில் துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டுப் பிசினாகும். மெல்லிய துணியால் துடைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பின்கட்டைக்கு வார்னிஷ் அடிக்க ஆசைப்படும் மாமாவிடமிருந்தும் அதைக் காப்பாற்றுங்கள்.

அடுத்தது, மேலே பொறித்த பெயரை அப்படியே நம்புவது. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் சென்னை அல்லது கல்கத்தாக் கடையின் பெயர் இருக்கலாம். செய்தது பர்மிங்காம் பட்டறையாக இருக்கும். ‘ஆன்சன் அண்ட் டீலி பேட்டன்ட்’ என்று கண்டால் உடனே 1875 என்று எழுதிவிடுகிறார்கள். அது அந்த விசை அமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு. அதே அமைப்பில் பின்னர் பல்லாண்டுகள் துப்பாக்கிகள் வந்தன.

உண்மையான ஜாதகம் அடியில் இருக்கிறது. குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைக் கழற்றிக் குழல்களை விசைப் பெட்டியிலிருந்து பிரித்தால், பின்முனையின் அடியில் தட்டையான இடத்தில், குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று பார்த்ததற்கான சோதனை முத்திரைகள் தெரியும். நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜில் சோதிக்கப்பட்டது. மேலே ஆங்கிலேயப் பெயரும் கீழே இந்த முத்திரையும் இருந்தால் சந்தேகப்படுங்கள். புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததைக் குறிக்கும் நைட்ரோ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் பேச்சே வேண்டாம். இரும்புப் பட்டைகளை முறுக்கி இணைத்ததால் அலை அலையாய் வரியோடும் டமாஸ்கஸ் குழலானால் இன்னும் எச்சரிக்கை தேவை. நைட்ரோ முத்திரை இருந்தாலும், பழைய 12 போர் (குழலின் உள்ளளவு) துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறைகள் பல 65 மி.மீ. நீளத்தவை, இப்போதைய தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. என்பதால் போடக் கூடாது. வரிசை எண் குழலிலும் விசைப் பெட்டியிலும் ஒத்துப்போக வேண்டும். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலாந்துப் பட்டறைகளின் பழைய பேரேடுகள் இன்றும் இருப்பதால், எண்ணை வைத்து விசாரிக்கலாம்.

கடைசியாக, லண்டன் ஏல விலையை ரூபாயாக்கி மனக்கோட்டை கட்டுவது. நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்க வேண்டும். தனியாருக்கு விற்பதற்கு 45 நாள் முன்பே எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் சந்தை மிகச் சிறியது. விலை சொன்ன கையோடு “நானே எடுத்துக்கொள்கிறேன்” என்பவரிடம் மதிப்பீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு கடையிலும் கேளுங்கள்.